"வலி போச்சு டாக்டரம்மா!"

மலைக்கு வேலைக்கு வரும் புது டாக்டர்களைப் பார்த்தால் எனக்கு நீலகிரியில் என் முதல் வருஷம் ஞாபகம் வரும். நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள், அதுவும் சிறுநீர்ப் பாதை அடைப்பில். வலது, இடது மாற்றி எழுதுவது, சிறுநீர்ப் பரிசோதனையை மறப்பது போன்றவற்றை நர்ஸ் அக்காவே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலி நின்றால் கல் விழுந்துவிட்டது என்று நினைப்பது

இதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடிவதில்லை. பொறுக்க முடியாததற்குக் காரணம், முதலில் செய்தவள் நான்.

கேத்திப் பக்கம் கேரட் கழுவும் வேலை பார்த்தவர் அவர். ராத்திரியெல்லாம் ஈரத்தில் நிற்பார். விடிவதற்குள் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரும் குடிப்பதில்லை. ஒரு நாள் அதிகாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வந்து விழுந்தார். வலி குறைய டைக்ளோஃபெனாக் ஊசி போட்டேன். ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயில் 7 மில்லிமீட்டர் கல், கிட்னி லேசாக வீங்கியிருந்தது. கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.0, சரியான அளவுதான்.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார். "வலி போச்சு டாக்டரம்மா, கல்லு விழுந்துருச்சு போல."

விழுந்ததைப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. மறு ஸ்கேனுக்குத் தேதி எழுதவில்லை. "நிறைய தண்ணி குடிங்கண்ணா" என்று அனுப்பிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கிட்னி வெறும் தண்ணீர்ப் பை, சதை காகிதம்போல மெலிந்திருந்தது. கோயம்புத்தூரில் எடுத்த ஐசோடோப் ஸ்கேனில், மொத்த வேலையில் அந்தக் கிட்னியின் பங்கு நூற்றுக்கு 9. கிரியாட்டினின் அப்போதும் 1.1தான். வலது கிட்னி இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தது. ஒரு பக்க அடைப்பில் கிரியாட்டினின் காட்டிக்கொடுக்காது.

வலி ஏன் நின்றது? இரண்டு கிட்னியும் சேர்ந்து சுமார் 300 கிராம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிஷத்துக்கு 1 லிட்டருக்குக் குறையாமல், அங்கே போகிறது. அந்த ரத்தத்தின் அழுத்தத்தால்தான் வடிகட்டல் நடக்கிறது. கீழே குழாய் அடைத்தால் சிறுநீர் எதிர்த்துத் தள்ளும். ஒரு பக்கம் முழுதாக அடைத்தால் முதல் ஒன்றரை மணி நேரம் கிட்னி விட்டுக்கொடுக்காது. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து உள்ளே வரும் நுண்தமனிகளை விரித்துவிடும். ரத்த ஓட்டம் வழக்கத்தைவிடக் கூடும், குழாயில் அழுத்தம் ஏறும், வலி உயிரை வாங்கும். ஐந்தாவது மணி வரை அழுத்தம் அப்படியே நிற்க, ரத்த ஓட்டம் இறங்கத் தொடங்கும். அதன் பிறகு ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின், திராம்பாக்சேன் கை ஓங்கி அந்த நுண்தமனிகளே சுருங்கும். ரத்தம் குறைய வடிகட்டல் குறையும், அதனால் குழாயில் அழுத்தமும் தணியும். வலியும் அதோடு அடங்கும். ஒரு நாளில் ரத்த ஓட்டம் பாதி அளவுக்கு வந்துவிடும்.

கிட்னி கடையைச் சாத்தியதை நான் குணம் என்று எழுதிவைத்தேன்.

இந்த மணிக்கணக்கெல்லாம் பெரும்பாலும் நாய்களில் பார்த்தது. அதே நாய்களில், முழு அடைப்பை ஒரு வாரத்தில் நீக்கினால் கிட்னி மீண்டது. இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம், நான்கு வாரத்தில் 30, ஆறு வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மனிதருக்குக் கல் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் அடைக்கும், அதனால் அவகாசம் கொஞ்சம் கூடுதல். அதற்காக நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் ஒரு கல்லை வேடிக்கை பார்க்கக் கூடாது.

போன மாதம் ஒரு சின்ன டாக்டர் போனில், "மேடம், பேஷண்ட் நல்லா இருக்கார்" என்றார். "பேஷண்ட் சரிப்பா, கிட்னி?" பதில் இல்லை. கொஞ்சம் கத்திவிட்டேன்.

இப்போது நான் எல்லோரையும் பழைய டீ வடிகட்டியில் சிறுநீர் கழிக்கச் சொல்கிறேன். டீத்தூள் ஊரில் வடிகட்டிக்கா பஞ்சம்? கல்லைக் கையில் கொண்டுவந்தாலும் மறு ஸ்கேன் உண்டு. இரண்டு வாரத்தில் தேதி எழுதி, வீட்டில் இன்னொருவர் போன் நம்பரையும் வாங்கிக்கொள்வேன்.

வலியோடு தண்ணீரை ஊற்றுவது

வாழைத்தண்டுச் சாறோ, பீரோ, ஐந்து லிட்டர் தண்ணீரோ, வலி நேரத்தில் குடித்தால் கல் நகராது, வாந்திதான் வரும். தண்ணீர் அடுத்த கல் வராமல் இருக்க.

ஒற்றைக் கிட்னிக்காரருக்கு டைக்ளோஃபெனாக்

அந்த ஊசி வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டினை அடக்கித்தான். உள்ளே வரும் ரத்தத்துக்குக் கதவைத் திறந்து பிடித்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின். இரண்டு கிட்னியும் நன்றாக இருந்தால் பயமில்லை. ஒன்றே ஒன்று இருப்பவருக்கும், இரு பக்கமும் அடைத்தவருக்கும் வேண்டாம். ஒரு கிட்னியை எப்போதோ எடுத்திருக்கலாம்; ஊசிக்கு முன் வயிற்றில் பழைய தையல் இருக்கிறதா என்று பாருங்கள், கேளுங்கள்.

"வீக்கம் இல்லை, அப்போ அடைப்பும் இல்லை"

முதல் சில மணி நேரத்தில் ஸ்கேனில் கிட்னி வீக்கம் தெரியாமல் போகலாம். மறுபடி எடுங்கள்.

அடைப்போடு காய்ச்சல்

காலை வரை வைத்திருக்காதீர்கள். ரத்தம் குறைந்து, சிறுநீரும் ஓடாத இடத்தில் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயோ, முதுகு வழியாகக் குழாயோ வைத்துச் சீழை வடிக்க வேண்டும். மருந்தைத் தொடங்கிவிட்டு, மூடுபனியானாலும் ஆம்புலன்ஸை இறக்குங்கள்.

சிறுநீர் வடிக்கும் கதீட்டர் குழாய் போட்டதும் நிம்மதியாகிவிடுவது

புராஸ்டேட் சுரப்பி வீங்கி இரு கிட்னியும் அடைபட்ட பெரியவர்களுக்கு, வழி திறந்ததும் சிறுநீர் கொட்டும். மணிக்கு 200 மில்லியைத் தாண்டி இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் பக்கத்திலேயே இருங்கள்; ரத்தத்தில் உப்பையும் பி.பி.யையும் பாருங்கள். குன்னூர்த் தாத்தா ஒருவருக்குப் பை நிறைந்ததைப் பார்த்து, "நல்லா போகுது தாத்தா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். விடியற்காலை நர்ஸ் அக்கா எழுப்பியபோது மூன்றாவது பை ஓடிக்கொண்டிருந்தது. மேல் பி.பி. 80.