தொடர்கதை எழுதுபவரைப் பாராட்டும்போது வாசகர்கள் செய்யும் தவறுகள்

இணையத்தில் தொடர்கதை படிப்பவர்கள் "அடுத்த யூடி எப்போ?", அதாவது அடுத்த அத்தியாயம் (அப்டேட்) எப்போது என்று கேட்பதையே பாராட்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு. கேட்பவருக்கு அது ஆர்வம். வேலையும் வீடும் முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் எழுதி, பதிவேற்றிய பத்தாவது நிமிடமே இந்தக் கேள்வியைப் பார்ப்பவருக்கோ, போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றுதான் படும். படித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, "அடுத்ததுக்குக் காத்திருக்கிறேன்" என்று முடித்தால் அதே ஆர்வம் உறுத்தாமல் போய்ச்சேரும்.

"சூப்பர் எபி" (எபிசோட், அதாவது அத்தியாயம்), "செம", வரிசையாக இதயங்கள். இவை கூடாது என்றில்லை. ஒன்றும் சொல்லாமல் போவதற்கு எவ்வளவோ மேல். ஆனால் எல்லா எபிக்கும் இதையே ஒட்டினால், எது எடுபட்டது என்று எழுதுபவருக்குத் தெரியாது. மூன்று விஷயம் இருந்தால் போதும்: எந்த இடம், அங்கே என்ன தோன்றியது, அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகம். "மாமியார் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைப் பேசவிடாமல் விட்டது நன்றாக இருந்தது. அந்தச் சாவி மறுபடி வரும் என்று நினைக்கிறேன்." இப்படி ஒரு கமெண்ட் வந்தால், தான் போட்டுவைத்த முடிச்சு கவனிக்கப்பட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். வாரா வாரம் எழுதுபவருக்கு இதைவிட உதவியான தகவல் கிடையாது.

ஊகம் உத்தரவாக மாறினால்தான் சிக்கல். "ஹீரோயினை இன்னும் அழவிட்டா நான் படிக்க மாட்டேன்" என்று பத்துப் பேர் எழுதினால், புதிதாக எழுதுபவர் பயந்து கதையைத் திருப்பிவிடுவார். முப்பதாவது எபியில் வில்லன் காரணமே இல்லாமல் நல்லவனாகும் கதைகள் சில இப்படிப் பிறந்தவைதாம்.

எழுத்துப்பிழையைச் சொல்லலாம், ஆனால் பொதுவில் வேண்டாம். "மணம் புரிந்தான்" என்பது "மனம் புரிந்தான்" என்று வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். கதை பேச்சே அங்கு நின்றுவிடும். தனிச்செய்தியில் அத்தியாய எண், தவறான வரி, சரியான வரி மூன்றையும் அனுப்பினால் அவர் உடனே திருத்திவிடுவார். "நிறைய மிஸ்டேக் இருக்கு" என்பதை வைத்து அவர் எதைத் தேடுவார்?

பட்டன்கள் தளத்துக்குத் தளம் வேறுபடும். கதைகளை இலவசமாகப் பதிவேற்றிப் படிக்கும் வாட்பேட் தளத்தில் வாக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி. கடைசியில் ஒருமுறை நட்சத்திரத்தைத் தட்டினால் முந்தைய நாற்பதுக்கும் சேர்ந்துவிடாது. ரசிகர் கதைகள் வரும் ஏஓ3 தளத்தில் குடோஸ் (லைக் போன்ற பாராட்டு பட்டன்) ஒரு படைப்புக்கு ஒரே முறைதான். அடுத்தடுத்த அத்தியாயங்களுக்கு கமெண்ட்தான் வழி.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நட்சத்திரத்தின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. பத்துப் பேர் 5 கொடுத்த கதைக்கு ஒருவர், ஆப் திறக்கவில்லை என்ற கோபத்தில் 1 போட்டால் சாதாரணச் சராசரிக் கணக்கில் அது 4.6க்கு இறங்கும். எழுதியவர் ஆப்பைச் சரிசெய்ய முடியாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: வீட்டார், நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போடுவது. அமேசான் விதி இதை அனுமதிப்பதில்லை. ரிவ்யூ நீக்கப்படலாம், தொல்லை எழுத்தாளருக்கு.

சந்தா கட்டி மின்னூல்களை எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் எழுத்தாளருக்குப் பணம் வாசகர் படித்த பக்கத்துக்குத்தான். டவுன்லோடு செய்து லைப்ரரியில் வைத்திருந்தால் ராயல்டி வராது. நெட் இல்லாமல் படித்திருந்தால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் நெட்டை ஆன் செய்து சிங்க் ஆகவிடுங்கள். அப்போதுதான் பக்கக் கணக்கு போய்ச்சேரும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அன்பின் பெயரால் செய்யப்படுவது: "எல்லோரும் படிக்கட்டும்" என்று கதையை பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் போடுவது, அல்லது கேட்காமலேயே யூடியூபில் ஆடியோ நாவலாக வாசிப்பது. எழுத்தாளர் பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. இந்தியச் சட்டப்படி எழுதிய கணத்திலேயே உரிமை அவருடையது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. நஷ்டம் விற்பனையோடு நிற்பதுமில்லை. எழுத்தாளர் தானே அன்லிமிடெட்டில் சேர்த்த மின்னூல், சேர்த்த 90 நாள் தவணை முழுக்க வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. தன் கதை இன்னொரு இடத்தில் கிடந்தால், அதைத் தான் போடவில்லை என்று விளக்கம் சொல்லும் நிலை எழுதியவருக்கு வரலாம். பகிர ஆசையா, கதையின் லிங்க்கையும், ஏன் பிடித்தது என்று இரண்டு வரியையும் போடுங்கள், முடிவை உடைக்காமல்.

கடைசியாக, பணம். "நம்பர் குடுங்க, ஜிபே பண்றேன்" என்று கமெண்டில் கேட்பது நல்ல மனதுதான். ஆனால் யூபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கிலுள்ள உண்மையான பெயர் திரையில் வந்துவிடும். குடும்பத்துக்கோ அலுவலகத்துக்கோ தெரியாமல் புனைபெயரில் எழுதும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவராகக் கொடுக்காத எண்ணையும் ஊரையும் கேட்காதீர்கள், தெரிந்தாலும் வெளியில் சொல்லாதீர்கள். தளத்திலேயே காயின், சந்தா போன்ற வசதி இருந்தால் அதன் வழியாகக் கொடுக்கலாம். விலைக்கு ஒரு மின்னூல் போட்டிருந்தால் அதை வாங்கலாம், வாங்கிப் படித்து முடித்தபின் ரீஃபண்ட் கேட்காமல் இருக்கலாம்.