குன்னூர் ஈரத்தில் ஒரு போலந்துச் சீமாட்டி

வெனிஸ் ஓவியர் ரோசால்பா காரியேரா (1673–1757) பேஸ்டலில் (வண்ணப்பொடிக் குச்சிகளால்) தீட்டிய போலந்துச் சீமாட்டி அன்னா ஓர்செல்ஸ்காவின் உருவப்படம் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. அந்தப் பாணியில் வரைய நீலச்சாம்பல் தாள் எடுங்கள்; வெள்ளைத் தாள் வேண்டவே வேண்டாம். தாடைக்குக் கீழ் விழும் நிழலைத் தாளின் நிறமே கொடுத்துவிடும். பவுடர் பூசிய கூந்தலுக்கு முதலில் சாம்பல், பிறகு துளி ஊதா, வெள்ளை கடைசியில்தான். கன்னத்துச் சிவப்பைச் சுண்டுவிரலால் தேயுங்கள். லேஸை மட்டும் தேய்க்காதீர்கள்: வெள்ளைக் குச்சியின் முனையால் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அதன் அருகில்தான் முகத்தின் மென்மையே தெரியவரும்.

இங்கே குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் நமுத்துப்போகும். என் மாணவிகளை மாசியில்தான் தொடங்கச் சொல்கிறேன். பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பானை அடித்தால் வெள்ளை மங்கும். கண்ணாடி படத்தில் உரசாதபடி ஓரத்தில் அட்டை வைத்துச் சட்டமிட்டு, மழை அடிக்காத உள்சுவரில் மாட்டுங்கள்.