பீட்டில் மிதித்ததும் திணறுகிறதா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

காற்றாலேயே குளிரும் (ஏர் கூல்டு) இன்ஜின் உள்ள பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடும், வேலூர் ஆற்காடு ரோட்டில் ஒரே வேகத்தில் போனாலும் குறை சொல்ல முடியாது, ஆனால் நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் கார்புரேட்டர் வாய் வழியாக ஒரு தும்மல், அதற்கப்புறம்தான் வண்டி நகரும். கிரீன் சர்க்கிளில் பின்னால் பஸ் நெருங்கி வரும்போது அந்த ஒரு நொடி பயமாகவே இருக்கும்.

என்னுடையது 1972 மாடல், 1600 சிசி இன்ஜின், சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர். இந்தத் திணறலோடு ஐந்து மாதம் அலைந்தேன். அதில் நான்கு மாதம் வீணாகப் போனதற்கு ஒரே காரணம், தேடிய வரிசை தப்பு. வேலூரில் இந்த இன்ஜினில் கை பழகியவர்கள் குறைவு, அதனால் யாரிடம் கொண்டுபோனாலும் முதல் வார்த்தை "கார்ப்ரேட்டர் கிளீன் பண்ணணும் சார்" என்பதுதான். நானும் தலையாட்டினேன். மூன்று முறை கழற்றி மாட்டியாயிற்று, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்றியாயிற்று, திணறல் அப்படியே இருந்தது.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடம் கார்புரேட்டர் என்பதால் சந்தேகம் அங்கே போவது இயல்புதான். ஆனால் வால்வு சரியாக மூடாமல், பொறி சரியான நேரத்தில் விழாமல் இருக்கும் இன்ஜினில் நீங்கள் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் அது வேறொரு குறையை மூடி மறைக்கத்தான் உதவும். டேப்பட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (திறக்கும்போது பொறியைக் கிளப்பும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்), காற்று ஒழுகல், கடைசியில்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டேப்பட்டில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, சூட்டில் வைப்பது. இந்த 1600 இன்ஜினுக்கு வால்வு இடைவெளி 0.15 மிமீ, அதுவும் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. நம்ம ஊர் மே மாதத்தில் மதியம் நிறுத்திய வண்டி சாயங்காலம் கூட ஆறாது, ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து காலையில் பாருங்கள். இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் ஒழுகும், வால்வு கருகவும் செய்யும். 1970 வரை வந்த மாடல்களில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நிற்பதால் அந்த சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும், அதை இரண்டு முறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது பாயிண்ட், இடைவெளி 0.4 மிமீ. டைமிங்கை முதலில் வைத்துவிட்டு அப்புறம் பாயிண்டைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விடும், ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி கூடினால் அது சீக்கிரம் திறக்கும், பொறியும் சீக்கிரம் விழும். டைமிங்கை மாற்றினாலோ பாயிண்ட் இடைவெளி மாறாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர். என் வண்டியின் உண்மையான நோய் இங்கேதான் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய வண்டிகள் பலவற்றில் ஒரிஜினல் போய், போஷ் 009 என்ற டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும். விலை குறைவு, வேலை சுலபம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். அதில் வேக்குவம் டப்பா கிடையாது, உள்ளே சுற்றும் எடைகள் மட்டும்தான். எடைகள் விரிய வேண்டுமானால் இன்ஜின் முதலில் வேகம் எடுக்க வேண்டும். நீங்கள் ஐடிலிலிருந்து, அதாவது மிதிக்காமல் ஓடும் நிலையிலிருந்து, மிதிக்கும் அந்தக் கணத்தில் இன்ஜின் இன்னும் 900 ஆர்பிஎம்மில்தான் இருக்கும், எடைகள் அசையாது, டைமிங் முன்னேறாது, ஆனால் காற்று மட்டும் சட்டென்று உள்ளே பாயும். அந்தப் பள்ளத்தில்தான் வண்டி விழுகிறது. வேக்குவம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில், மிதித்தால் திறக்கும் த்ரோட்டில் தகடு கொஞ்சம் திறந்ததுமே கார்புரேட்டரிலிருந்து உறிஞ்சல் வந்து டைமிங்கை முன்னே இழுத்துவிடும், இன்ஜின் வேகம் எடுக்கும்வரை காத்திருக்காது. 34 பிக்ட்-3 அப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்து ஓடுவதற்காகவே அமைந்தது. இந்தக் கார்புரேட்டரும் 009-ம் ஜோடி சேர்ந்தால் கிளம்பும்போது திணறல் வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் நான்கு மாதம் யாரும் சொல்லவில்லை.

இதைச் சமாளிக்க ஸ்லோ ஜெட்டை (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் ஜெட்) பெரிதாக்குவார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் பிளக் கருத்து, மைலேஜ் விழுந்து, ஆறு மாதத்தில் வேறு புகாரோடு திரும்பி வருவீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவதே சரி.

வேக்குவம் டப்பா இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை கார்புரேட்டர் பக்கத்திலிருந்து உருவி, வாயால் உறிஞ்சினால் உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்துப் பிடித்தால் அதே இடத்தில் நிற்கவும் வேண்டும். நகரவில்லை என்றால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, அல்லது தட்டு இறுகிவிட்டது. ஒரு நிமிட வேலை, செலவே கிடையாது.

காற்று ஒழுகலுக்கு வருவோம். இரட்டை வாய் ஹெட் உள்ள 1600 இன்ஜினில் கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை கொண்டுபோகும் மேனிஃபோல்டின் நடுத்துண்டும் ஓரத்துண்டும் ரப்பர் உறையால் இணைந்திருக்கும். அது வெயிலில் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இங்கே பலர் செய்வது, இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்புகளில் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ பீய்ச்சிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். சூடான சைலன்சரும் பொறி விடும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல் இணைப்புகள் மேல் மட்டும் அடியுங்கள், ஒழுகல் இருந்தால் ஐடில் சத்தம் மாறும். த்ரோட்டில் ஷாஃப்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எத்தனை முறை கிளீன் செய்தாலும் பயனில்லை, நல்ல லேத் பட்டறையில் கொடுத்துப் பித்தளை புஷ் போட வேண்டும். ராணிப்பேட்டை பக்கம் அந்த வேலைக்குக் கைகள் உண்டு.

சரி, இப்போது கார்புரேட்டர். இதில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு ஐடில் வேகத்தைத் தப்பான ஸ்க்ரூவில் ஏற்றுவது. 34 பிக்ட்-3-யில் த்ரோட்டில் கையில், சோக்கின் படிப்படியான தகடைத் தொட்டு நிற்கும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. மற்ற வண்டிகளில் பழகிய கை நேராக அதற்குத்தான் போகும். அதைத் திருகினால் ஐடில் ஏறும், உண்மைதான். ஆனால் த்ரோட்டில் தகடு எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கும், மிதிக்கும்போது பெட்ரோல் தர வேண்டிய சின்னத் துளைகள் ஐடிலிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடும், நீங்கள் மிதிக்கும் நேரத்தில் தருவதற்கு அவற்றிடம் புதிதாக எதுவும் இருக்காது. சோக் முழுக்கத் திறந்த நிலையில் அந்த ஸ்க்ரூவைத் தொடாத அளவுக்குப் பின்வாங்கி, மெல்லத் தொடும்வரை கொண்டுவந்து, அதிலிருந்து கால் சுற்று. அதற்கு மேல் அதைத் தொடக்கூடாது. ஐடில் வேகம் இடது பக்கத்தில் இருக்கும் பெரிய பைபாஸ் ஸ்க்ரூவில், கலவை அதன் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவில். சின்னதை மெதுவாக உட்காரவைத்து இரண்டரை சுற்று வெளியே எடுங்கள், இன்ஜின் சூடானதும் பெரியதில் 850 வைத்து, சின்னதை வேகம் உச்சத்துக்கு வரும்வரை திருகி, அங்கிருந்து 20, 30 ஆர்பிஎம் விழும் அளவுக்கு உள்ளே தள்ளி, மறுபடி பெரியதில் 850-க்கும் 900-க்கும் இடையே கொண்டுவாருங்கள்.

மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலேட்டர் பம்ப் பற்றி ஊகிக்கவே தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் கிளீனரை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தபடி த்ரோட்டில் கையை அசையுங்கள். கை அசைந்த அந்தக் கணமே பெட்ரோல் ஒரு கம்பி போல நேராகக் கீழே பாய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சுவரில் பட்டுச் சிதறினாலோ, சொட்டினாலோ திணறல் அங்கே. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டிகளில் பம்ப் ஜவ்வு விறைத்துவிடும், கீழே இருக்கும் சின்ன உலோக உருண்டை ஒட்டிக்கொள்ளும்.

கலவை மெலிந்ததா, கெட்டியா என்று தெரியாமல் ஜெட் வாங்கக் கூடாது. மெலிந்திருந்தால் தும்மல் வரும், பிளக் வெளுத்திருக்கும், சோக் தகடை விரலால் லேசாக மூடிப் பிடித்தபடி த்ரோட்டிலைத் திறந்தால் திணறல் குறையும். கெட்டியாக இருந்தால் தும்மாது, கரும்புகையோடு முக்கும், மூடினால் இன்னும் மோசமாகும். ஆட்டோ சோக்குக்குப் போகும் ஒயர் கழன்று சோக் திறக்காமலே ஓடும் வண்டிகளும் உண்டு, நம்ம வெயிலில் சோக் சீக்கிரம் திறந்துவிட வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. சுத்தமான பெட்ரோலின் 1 பங்கு எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளை 1972-ல் துளையிட்ட ஜெட் வழியாக விட்டால் கலவை தானாகவே மெலிகிறது. மற்ற எல்லாம் சரியாகி, சோக் சோதனையும் மெலிவு என்று காட்டினால் அப்போது ஜெட்டை ஒரு அளவு ஏற்றுவது நியாயம்.

சூட்டில் மட்டும் திணறினால் இன்ஜின் அறையைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் கீழிருந்து வரும் சூடான காற்றையே ஃபேனும் கார்புரேட்டரும் உறிஞ்சும். ஏர் கிளீனருக்கு வெந்நீர் அண்டா போலச் சூடு தள்ளும் குழாயின் தகடு திறந்தபடி சிக்கியிருந்தாலும் இதே கதைதான்.

இவ்வளவும் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நான் சோதித்தது ஏலகிரி ஏற்றத்தில். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வேகம் குறைத்து மறுபடி இழுக்க வேண்டும், எந்தக் குறையும் ஒளிய முடியாது. 009-ஐ எடுத்துவிட்டு வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டர் போட்டபின், வேக்குவம் குழாயை உருவி அடைத்து 7.5 டிகிரி முன்னால் டைமிங் வைத்து, குழாயை மறுபடி மாட்டிவிட்டு ஏறினேன். முதல் வளைவில் பழக்கத்தில் முன்கூட்டியே மிதித்தேன், வண்டி நேராக இழுத்துக்கொண்டு போனது.

பெட்ரோல் குழாய்களை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரைத் தின்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டர் இருந்தால், ஒழுகினால் தீப்பிடிக்கும் என்பதால், அதை அங்கிருந்து எடுத்து முன்பக்கம் டேங்க் அருகே மாற்றுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டு எல்லா முனையிலும் கிளாம்ப் வையுங்கள்.