ஹொண்டா எம்.டி 90 மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுபோகுதா? காபரேற்றரைத் திருகமுதல் இதைப் பாருங்கள்

எங்கள் வன்னிப் பக்கம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் றோட்டில் நின்றால், அடுத்த நிமிடமே யாரோ ஒருவர் திருப்புளியோடு வந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரின் ஸ்குரூவைத் திருகத் தொடங்கிவிடுவார். நானும் அந்த ஆளாகத்தான் இருந்தேன்.

ஒருமுறை முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கு வந்துகொண்டிருந்தேன். புதுக்குடியிருப்பு தாண்ட எம்.டி இருமி இருமி நின்றது. காபரேற்றரைக் கழற்றி, ஊதி, பூட்டினேன். ஓடியது. உடையார்கட்டில் திரும்ப நின்றது, திரும்பக் கழற்றினேன். விசுவமடுவில் மூன்றாம் முறை. அங்கே கராஜ் வாசலில் குந்தியிருந்த ஒரு ஐயா எழும்பி வரக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே, "தம்பி, சீற்றைத் தூக்கி ராங்க் மூடியை ஒருக்காத் திறந்து பாரும்" என்றார். திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் காற்றுத் துவாரத்தில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பெற்றோல் இறங்க இறங்க ராங்கிக்குள் காற்றுப் போக வழியில்லை. பிறகு எப்படிப் பெற்றோல் இறங்கும்? நான் கழற்றிப் பூட்டிய நேரத்தில் மெல்ல மெல்லக் காற்று ஏறியிருக்கும், அதை என் கைராசி என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே வரிசை இதுதான்: ராங்க் மூடி, ரியூப், கிண்ணம் (காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கும் இடம்), அதற்குப் பிறகே ஜெற் (பெற்றோலை அளந்து விடும் துவாரமுள்ள சிறு பித்தளைத் துண்டு). ஸ்குரூ கடைசி.

தொடங்கமுதல்

வெளியில், மரநிழலில் வேலை செய்யுங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் திரும்ப மாட்டி, இரும்பு உடலை எஞ்சினில் முட்டவைத்து ஒரு கிக்கர் அடியுங்கள். இதைக் காபரேற்றரைத் திறக்கமுதலே, பெற்றோல் எங்கும் சிந்தாதபோது செய்ய வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வராவிட்டால் பிழை கறண்ட் பக்கம், இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது. பொயின்ற் (பொறியை வரவைக்கும் தொடுமுனை) தேய்ந்த பழைய சைக்கிள்களில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பெற்றோல் வந்து சேருதா?

காபரேற்றருக்குப் போகும் ரியூப்பைக் கழற்றி ஒரு வெள்ளைப் போத்தலுக்குள் விடுங்கள். சிறிய ஹொண்டாக்கள் சிலவற்றில் பெற்றோலைத் திறந்து மூடும் கொக் காபரேற்றரோடேயே ஒட்டியிருக்கும். அப்படியானால் ரியூப்பை இழுத்தவுடன் பெற்றோல் காலில் கொட்டும், முதலில் ரியூப்பை மடித்து இறுக்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நூல் போல அறாமல் வரவேண்டும். ராங்க் மூடியைப் பூட்டியபடி மெலிந்து, திறந்தவுடன் தடித்தால் என் கதைதான். திறந்தும் சொட்டுச் சொட்டாக வந்தால் வடி அடைபட்டிருக்கும், இல்லாவிட்டால் ராங்கிக்குள் துருவாக இருக்கும்.

அடுத்து, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி அதிலுள்ளதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகப் பாதரசம் மாதிரி ஏதாவது உருண்டால் அது தண்ணீர். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்தில் நின்ற சைக்கிளில் இது சாதாரணம். கபில நிறத் தூள் கிடந்தால் துரு.

பெற்றோல் காணாமல் ஓடுதா, கூடி ஓடுதா?

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெற்றோல் காணாமல் (போதாமல்) போவதும் கூடிப்போவதும் ஓடுபவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்: இழுவை இல்லை. பிரித்தறிய, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்தால் ஓட்டம் திருந்துகிறதா? அப்படியென்றால் பெற்றோல் காணாது. முன்னைவிடத் திணறுகிறதா? கூடிப்போகுது.

பிளக்கும் சாட்சி சொல்லும். முனை மாரி பிஸ்கற் நிறத்தில் இருந்தால் நல்லது. சட்டிக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் கூடிப்போகுது. வெளிறிய வெள்ளை என்றால் காணாது, அதோடு எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், விட்டுவைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் காபரேற்றரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பிஸ்ரன் றிங்கையோ வால்வு சீலையோ பாருங்கள்.

கூடிப்போனால் முதலில் ஏர் கிளீனரைத் திறவுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு கிழமை ஓடினாலே செம்மண் அப்பிவிடும். காற்றுக் குறைந்தால் பெற்றோல் கூடியது மாதிரித்தான். சிலர் ஏர் கிளீனரையே கழற்றி எறிந்துவிட்டு "இப்ப நல்ல இழுவை" என்பார்கள். அந்தப் புழுதி பிஸ்ரனுக்குப் போகிறது.

காபரேற்றரிலிருந்து பெற்றோல் ஒழுகினால் கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் மிதவை ஊசி மூடவில்லை. திருப்புளியின் பிடியால் கிண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், தூசி சிக்கியிருந்தால் விலகும். நிற்காவிட்டால் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள், உள்ளே சளசளத்தால் ஓட்டை. ஒழுகியபடி இரவு முழுக்க நின்ற சைக்கிளை உடனே ஸ்ராட் பண்ண வேண்டாம். எஞ்சின் ஒயிலை மணந்து பாருங்கள், பெற்றோல் மணத்தால் ஒயிலை மாற்றிவிட்டே ஓடுங்கள்.

எந்தத் திறப்பில் பிழை?

அக்சிலேற்றர் பிடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுவது என்று பேனாவால் கோடு போடுங்கள். ஓடிப்பாருங்கள். ஸ்லோவிலும் (பிடியை மூடியபடி எஞ்சின் ஓடும்போது) அரைக்கால் திறப்பு வரையும் பிழை என்றால் ஸ்லோ ஜெற். கால் திறப்பிலிருந்து முக்கால் வரை என்றால், மிதவை ஊசி அல்ல, அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெற். இந்த ஒரு கோடு உங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தும்.

ஸ்லோ சில நேரம் தானாக ஏறி இறங்க மறுத்தால், காபரேற்றர் பூட்டிய இடத்தில் களவாகக் காற்றுப் போகிறது. எஞ்சின் ஓடும்போது அந்தப் பொருத்தில் சவர்க்காரத் தண்ணீரைச் சொட்டவிடுங்கள், சத்தம் மாறினால் ஓ ரிங்கை மாற்றுங்கள். நட்டை இன்னும் இறுக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கித்தான் பாதிக் காபரேற்றர்களின் முகம் வளைந்து கிடக்கிறது.

ஜெற் துப்புரவு

பெற்றோல் கிண்ணத்தில் மாதக்கணக்கில் நின்று வற்றினால் பிசின் மாதிரி ஒட்டும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. அப்போது கொட்டிலில் விட்ட பல சைக்கிள்கள் இன்னும் அந்தப் பிசினோடுதான் நிற்கின்றன. அதற்கு முந்திய கதை தெரிந்ததே. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சிறு போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி இது. அந்தக் காலத்துச் சைக்கிள் வாங்கியிருந்தால் மெயின் ஜெற்றில் துவார அளவைக் காட்டும் இலக்கத்தை முதலில் பாருங்கள். யார் எதைப் போட்டார்களோ!

ஜெற்றைக் காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். அடைப்பு இருந்தால் மீன்வலைத் தங்கூசித் (நைலோன் நூல்) துண்டைச் செருகுங்கள். குண்டூசியும் இரும்புக் கம்பியும் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறலிலேயே துவாரம் பெருத்துவிடும், பிறகு அதில் பொறித்த இலக்கம் பொய்.

அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் ஊசியின் தலையில் வெட்டுகள் இருந்தால், கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே போட்டால் ஊசி உயரும், பெற்றோல் கூடும். ஒரு நேரத்தில் ஒரு வெட்டு மட்டும்.

இப்போது கலவையைத் திருத்தும் ஸ்குரூ. திறக்கமுதல், மெதுவாக உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். ஸ்குரூ ஏர் கிளீனர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு: வெளியே திருகப் பெற்றோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலுக்கு: வெளியே திருகக் கூடும். ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, சூடான எஞ்சினில் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்துங்கள். சத்தம் உயர்ந்து சீராகும் இடத்தில் விட்டுவிட்டு, ஸ்லோ வேகத்தைத் திருத்தும் மற்ற ஸ்குரூவால் ஓட்டத்தைக் குறையுங்கள்.

பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து, பிளக் ஆறியதும் கழற்றி நிறத்தைப் பாருங்கள். கையோடு ராங்க் மூடித் துவாரத்திலும் ஒரு தங்கூசியை விட்டு எடுங்கள். குளவி திரும்ப வரும்.