வடிச்சா எல்லாம் போயிருமா? பெப்டைட் ஊசியில் நான் விட்ட பிழைகள்

போன மாதம் கல்லடியில் எங்கள் ஜிம்முக்கு வரும் பொடியன் ஒருவன், காற்சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டப் பிளாஸ்டிக்கை எடுத்துக் காட்டினான். குற்றிக்காசு அளவுதான் இருக்கும்.

"அண்ண, புள்ளி இருபத்திரண்டு மைக்ரோன் பில்டர். பெப்டைட் மருந்த இதுக்குள்ளால வடிச்சுத்தான் ஊசி போடுறன். இனிப் பயமில்லத்தானே?"

எனக்கு எரிச்சல் வந்தது. எட்டு வருடத்துக்கு முதல் இதே பில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, இதே சிரிப்போடு நின்ற என் மேல்தான் அந்த எரிச்சல். நான் வைத்தியர் இல்லை. தோஹாவில் வேலை செய்யும்போது தோள் பிசகி, ஊருக்கு வந்த பிறகு ஒன்லைனில் பெப்டைட், அதாவது புரதத்தின் சின்னத் துண்டு, பவுடராக உள்ள குப்பி எடுத்து, கரைத்து ஊசி போட்டுக்கொண்டவன். பட்ட பிறகுதான் படித்தேன்.

கை கழுவுவது, ஸ்பிரிட் பஞ்சு, ஊசியை மாற்றுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன். நானும் என்னைச் சுற்றி உள்ளவர்களும் விட்ட மற்றப் பிழைகளைச் சொல்கிறேன்.

இன்சுலினை வடிப்பது

ஒருபோதும் வேண்டாம்.

பாண்டிருப்பில் பெரியம்மா போடுவது முப்பதுக்கு எழுபது கலவை இன்சுலின். குப்பியை வைத்துவிட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். "மருந்து பழுதாப் போச்சு, வடிச்சுத் தரட்டா?" என்று அவருடைய பேரன் சிரிஞ்சோடு நின்றான். அந்த வெள்ளைதான் மருந்து. நூற்றில் எழுபது பங்கு, மெதுவாகக் கரையும் மணிகளாக அதில் இருக்கிறது. வடித்தால் அது பில்டரில் நின்றுவிடும். மிஞ்சுவது உடனே வேலை செய்து சில மணித்தியாலத்தில் அடங்கும் பகுதி மட்டும்தான். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும், பால் மாதிரி ஒரே சீராக வந்துவிடும். வைத்தியர் எழுதித்தந்த பேனா ஊசிகளையும் வடிக்க வேண்டாம். அவை கம்பனியிலேயே வடித்து, பரிசோதித்து வருபவை. வீட்டில் திறந்து வடிக்கப் போனால் அழுக்குத்தான் சேரும்.

பில்டர் சுத்தமாக்கும் என்று நம்புவது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும்.

2017 ஆனி மாதம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆறரைக்கு, பில்டருக்குள்ளால் வடித்த கண்ணாடி மாதிரித் தெளிந்த மருந்தை வயிற்றுத் தோலுக்குக் கீழே போட்டேன். எட்டு மணிக்கு முதுகுத்தண்டில் ஒரு குளிர். பத்து நிமிடத்தில் பல்லோடு பல் அடித்தது. வீட்டுக்குள் எல்லோருக்கும் வேர்த்து ஒழுக, அம்மா மூன்று சீலையை எடுத்து என்னைப் போர்த்தினா. "நெருப்பாக் கொதிக்குது மனே" என்றா. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இலங்கை கண்ட மிக மோசமான டெங்கு வருடம் அது. நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். காய்ச்சலோடு போனவனை நுளம்பு வலைக்குள் போடாமல் என்ன செய்வார்கள்? இரண்டு நாள் கிடந்தேன். காய்ச்சல் என்னவோ விடியுமுன்னே இறங்கிவிட்டது.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருவது அடுத்து நான் செய்த வேலை. பில்டர் பழுது என்று முடிவு கட்டி, புதிதாக இரண்டு வாங்கி, மறு கிழமை இரண்டு தரம் வடித்துப் போட்டேன். அதே குளிர், அதே மூன்று சீலை.

மறுகாத்தான் ஊசிமருந்து தயாரிப்பில் வேலை செய்த ஒரு கூட்டாளியிடம் வாயைத் திறந்தேன். அவன் சிரிக்கவும் இல்லை.

"சுனாமிக்குப் பிறகு உங்கட ஊட்டுக் கிணத்துத் தண்ணி உவர்த்துக் கிடந்ததா இல்லையா?"

"ஓம்."

"அத வெள்ளச் சீலையில வடிச்சா உவர் போகுமா?"

விஷயம் அவ்வளவுதான். 0.22 மைக்ரோன் துளையில் பக்டீரியா சிக்கும். பக்டீரியாவின் தோலிலிருந்து உரிந்த நஞ்சு சிக்காது. எண்டோடொக்சின் என்று அதற்குப் பெயர். தண்ணீரில் உப்புக் கரைந்திருப்பதுபோல் மருந்தில் கரைந்து, மருந்து போகும் துளையாலேயே அதுவும் போகும். பக்டீரியா செத்தாலும் நஞ்சு இருக்கும். ஊசி போட்ட பிறகு காரணம் தெரியாமல் வரும் காய்ச்சலை ஆராய்ந்து, காய்ச்சித் தொற்றுநீக்கிய தண்ணீரிலும் இந்தச் சாமான் மிஞ்சுவதை 1923இல் புளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். நூறு வருடம் தாண்டிவிட்டது. நாங்கள் இன்னும் வடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் குப்பியை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நடுங்கி, இரவுக்குள் ஆறுகிற காய்ச்சல் அதன் கைவரிசைதான் என்றான் கூட்டாளி.

"அப்ப 99 வீதம் சுத்தம் என்று குப்பி வித்தவன் பேப்பர் தந்திருக்கானே" என்றேன். அந்தப் பேப்பர் பவுடரில் பெப்டைட் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். கிருமியைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. அவன் ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஊசிமருந்தில் இந்த நஞ்சுக்கு அனுமதித்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு 5 எண்டோடொக்சின் அலகு. எனக்கு 70 கிலோ என்றால் 350 அலகு. நிறையில் அது சுமார் 35 நானோகிராம். 5 மில்லிகிராம் குப்பியில் மிச்சமுள்ள அந்த ஒரு வீதம் 50,000 நானோகிராம். எல்லையைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். அதற்குள் என்ன இருக்கிறது என்று பேப்பர் மூச்சு விடவில்லை.

மருந்துக் கம்பனிகளும் இதே 0.22 பில்டரைத்தான் போடுகின்றன. ஆனால் அங்கே அது கடைசிப் படி. தண்ணீர், கண்ணாடி, காற்று எல்லாவற்றையும் முதலிலேயே சுத்தமாக்கி, குப்பிகளை 250 பாகை வரை உலர் சூட்டில் வாட்டி, நஞ்சு இருக்கிறதா என்று தனியாகச் சோதிப்பார்கள். நெடுங்காலமாக அந்தச் சோதனைக்கு குதிரைலாட நண்டின் நீல இரத்தத்தைத்தான் எடுத்தார்கள். எங்கள் களப்பு நண்டை வைத்துச் செய்யலாமா என்று நான் கேட்டதற்கு அவன் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக் குசினியில் பில்டரோடு நிற்கும் ஆளிடம் முன்னுக்கு உள்ள படிகளில் ஒன்றுகூட இல்லை.

கலங்கியதை வடித்துத் தெளிய வைப்பது

கரைத்த பெப்டைட் கலங்கினால், நார்நாராகத் தெரிந்தால், அது பழுது. வெக்கையில் கிடந்ததோ, உறைந்து உருகியதோ, ஏதோ ஒன்று. வடித்தால் கலங்கல் போகும், பழுது போகாது. கண்ணுக்குத் தெரிந்த ஒரே சாட்சியையும் துரத்திவிட்டு ஊசி போடுகிறீர்கள்.

கிடைத்த பில்டரை வாங்குவது

0.22 என்று எழுதியிருப்பதெல்லாம் தொற்றுநீக்கியது இல்லை. ஆய்வுகூட மெசினுக்கென்று விற்கும் மலிவுப் பக்கெட்டில் தொற்றுநீக்கல் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அதற்குள்ளால் விட்டால், இல்லாத கிருமியும் வந்து சேரலாம். நைலோன் சவ்வில் பெப்டைட் ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு போடுகிறோம் என்றே தெரியாது. சின்ன சிரிஞ்சால் இறுக்கித் தள்ளினால் அழுத்தம் கூடிச் சவ்வு கிழியும். எனக்கு ஒரு நாள் கைக்குள் 'டக்' என்றது. அதுவரை முக்கி முக்கித் தள்ளியது திடீரென்று தண்ணீராய் ஓடியது. "ஆ, இப்ப நல்லா வருது" என்று சந்தோசப்பட்டேன், மடையன்.

குக்கரில் அவிப்பது

121 பாகைக்கும் அந்த நஞ்சு அசையாது. பெப்டைட்தான் அவிந்து போகும்.

பற்றரித் தண்ணீரில் கரைப்பது

கேட்டான் ஒருவன். உண்மையாக.

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற எழுத்தைத் தாண்டிப் போவது

குப்பியில் ஒட்டியிருக்கும் அந்த எழுத்துச் சும்மா இல்லை. இந்த நாட்டில் மருந்தைப் பார்க்கும் பொறுப்பு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கென்று பார்சலில் வரும் குப்பி அந்த வாசலால் வருவதில்லை. மாவட்ட அணிக்கு விளையாடும் பொடியன்மாருக்கு இன்னொன்று: தோளுக்கும் முழங்காலுக்கும் என்று எல்லோரும் தேடும் பிபிசி 157 (BPC-157) என்ற பெப்டைட், 2022இலிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது.

வடிப்பதா வேண்டாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: வைத்தியர் தந்ததை வடிக்கத் தேவையில்லை, பார்சலில் வந்ததை வடித்தும் போடக் கூடாது.

டொக்டரிடம் மறைப்பது

அன்றைக்கு வார்டில், "வேற ஏதும் ஊசி, மருந்து எடுத்தீங்களா தம்பி?" என்று டொக்டர் இரண்டு தரம் கேட்டா. பக்கத்தில் அம்மா நின்றா. இல்லை என்றேன். அந்த ஒரு பொய்க்காக இரண்டு நாளும் டெங்கு என்று விடிய, மத்தியானம், இரவு என்று இரத்தம் குத்தி எடுத்தார்கள். ஊசி போட்ட பிறகு குளிர் நடுக்கம் வந்தாலோ, போட்ட இடம் சிவந்து வீங்கிக் கொதித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே போங்கள். குப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அம்மா பக்கத்தில் நின்றால் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் அந்தப் பொடியனுக்கும் சொன்னேன். தலையைச் சொறிந்தான். குப்பி எங்கே என்று கேட்டேன். வீட்டுப் பிரிட்ஜில், ஐஸ்கிறீம் டப்பாவுக்குள், கருவாட்டுச் சரைக்குப் பின்னால் என்றான். "நாளைக்குக் கொண்டு வாறன் அண்ண" என்று போனவன் இன்னும் வரவில்லை.