பழைய மஸ்டாங் வாங்கும் முன் ஒரு குவளைத் தண்ணீர்

இருபது வயதில் ஓட்டி, குடும்பத்துக்காக விற்ற ஃபோர்டு மஸ்டாங் காரை ஓய்வுக்காலத்தில் மறுபடி வாங்க அமெரிக்காவில் பலருக்கும் ஆசை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

1965 முதல் 1968 வரை வந்த வண்டிகளில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துளைகள் இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, இரு ஓரங்களிலும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அது முன்சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் வடிந்தால் சரி. உள்ளே கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், கண்ணுக்குத் தெரியாத தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று பொருள். வெல்டிங்கைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். செலவு நன்றாகவே இழுக்கும். விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் பிரேக். 1966 வரை வந்த மஸ்டாங்குகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்று. ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். பேரப்பிள்ளைகளை ஏற்றும் முன் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (மிதியை அழுத்தும்போது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியாக பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) போட்டுவிடுங்கள். கூடவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் மாற்றினால் இன்னும் நல்லது. எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.