காயக்கட்டுக்கான நானோ இழைப்படலம்: ஆய்வகத்தில் நூற்று, நனைத்துச் சோதிக்கும் முறை

மொரீஷியசில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நீரிழிவுடன் வாழ்கிறார். ஆகவே காலில் ஆறாத புண் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் யாருக்கும் புதிய செய்தி அன்று. நீரிழிவால் நரம்பு பழுதுபட்ட பாதம் சூட்டை உணராது என்பதால், தீமிதித் திருவிழா முடிந்த மறுநாள்தான் கொப்புளத்தைக் கவனிப்போரும் உண்டு. இத்தகைய காயங்களுக்கான கட்டுப்பொருள்களைப் பற்றிப் படிக்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்காக, பல்லுறுப்பி (பாலிமர்) நானோ இழைப்படலம் ஒன்றை ஆய்வகத்தில் எப்படித் தயாரிப்பது, அது காயக்கட்டாகத் தகுமா என்பதை எப்படிச் சோதிப்பது என்பதை இங்கு விளக்குகிறேன். இது முழுக்க முழுக்க ஆய்வகப் பயிற்சிக்கான வழிகாட்டி. இதன்படி செய்த எதையும் மனிதர் காயத்தின்மீது வைக்கலாகாது. காயம் உள்ளவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

முதலில் காயத்துக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனை, ஈரமாகக் காக்கப்பட்ட மேலோட்டமான காயத்தில் புதுத்தோல் படர்வது, காற்றில் உலர விட்ட காயத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாக நடப்பதைக் காட்டியது. ஈரத்தைக் காக்கும் இன்றைய காயக்கட்டுகளுக்கு அடிப்படை அதுவே. ஆனால் ஈரம் மிகுந்தால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துச் சிதையும். நலமான தோல் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 204 கிராம் நீராவியை வெளிவிடுகிறது, சதை வளர்ந்துவரும் திறந்த புண்ணோ 5000 கிராமுக்கு மேல் இழக்கிறது. எனவே கட்டுப்பொருள் 2000 முதல் 2500 கிராம் வரை நீராவியை வெளியே விடுமானால் புண் காய்ந்தும் போகாது, ஊறியும் போகாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவு. இந்த எண்களை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யும் ஒவ்வொரு தேர்வையும் இவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

நானோ இழைகள் இதற்குப் பொருந்துவது அவற்றின் பருமனால்தான். நம் தோலின் கொலாஜன் நுண்ணிழைகள் ஏறத்தாழ 50 முதல் 500 நானோமீட்டர் வரை பருமன் கொண்டவை, மின்நூற்பில், அதாவது பல்லுறுப்பிக் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் இழுத்து நூலாக்கும் முறையில், கிடைக்கும் இழைகளும் பெரும்பாலும் அதே எல்லைக்குள் வருகின்றன. செல்கள் அவற்றைப் பற்றிப் படர முடிகிறது. இழைகளுக்கு இடைப்பட்ட துளைகள் மிகச் சிறியவை என்பதால் நீராவியும் காற்றும் தாராளமாகச் சென்றுவர, பாக்டீரியாக்கள் நுழைவது கடினமாகிறது.

எந்தப் பல்லுறுப்பியைத் தேர்ந்தெடுப்பது? தொடங்குவோருக்குப் பாலிவினைல் ஆல்கஹாலையே நான் பரிந்துரைப்பேன். நீரில் கரையும், நச்சுக் கரைப்பான் வேண்டாம், எளிதில் நூலாகும். பாலிகாப்ரோலாக்டோன் வலிமையானது, ஆனால் நீரை ஏற்காது. அதன் படலத்தின்மீது விட்ட நீர்த்துளி உருண்டு திரண்டு நிற்கும், காயநீரை உறிஞ்சாது. அதைக் குளோரோஃபார்மில் கரைத்தால், மருந்துப் பொருள்களில் எஞ்சலாம் எனப் பன்னாட்டு நெறிமுறை அனுமதிக்கும் அளவு பத்து லட்சத்தில் 60 பங்கு மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அசெட்டிக், ஃபார்மிக் அமிலக் கலவையில் கரைப்பது அதைவிட நல்லது, ஆனால் அமிலம் சங்கிலிகளை மெல்ல அறுத்துவிடும் என்பதால் அக்கரைசலை அன்றன்றே பயன்படுத்த வேண்டும். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. கிருமியை ஒடுக்கும் இயல்புடையது, ஆனால் தனியாக நூற்பது கடினம்.

நம் தீவில் நிறையக் கிடைக்கும் மூலப்பொருள் கரும்புச் சக்கை. ரெதுய்யில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ, உயிர்ப்பொருள் ஆய்வு மையம், கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த செல்லுலோசைக் கொண்டு தோல் மீளாக்கத்துக்கான நானோ இழைச் சட்டகங்களை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. செல்லுலோஸ் வழக்கமான கரைப்பான்களில் கரையாது. ஆகவே அதைச் செல்லுலோஸ் அசெட்டேட்டாக மாற்றி, இரண்டு பங்கு அசிட்டோனும் ஒரு பங்கு டைமெத்தில்அசெட்டமைடும் கலந்த கரைப்பானில் சுமார் 15 சதவீதம் கரைத்து நூற்று, பிறகு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்து மீண்டும் செல்லுலோசாக்குவது ஒரு வழி. நம் வயல்களில் விளைந்து ஆலைகளின் கொதிகலனில் எரியும் பொருள் ஒன்று காயத்தை மூடும் படலமாகக்கூடும் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அசிட்டோன் ஆவியும் உயர் மின்னழுத்தமும் சேரும் இடம் தொடக்கப் பயிற்சிக்கு உகந்ததன்று. முதலில் நீரில் கற்றுக்கொள்ளுங்கள்.

<b>கரைசல்</b>

மூலக்கூற்று நிறை சுமார் 85,000 முதல் 124,000 வரை, நீராற்பகுப்பு 87 முதல் 89 சதவீதம் வரை உள்ள பாலிவினைல் ஆல்கஹாலில் 10 கிராம் எடுத்து 90 கிராம் குளிர்ந்த வடிநீரில் தூவிக் கலக்குங்கள். சுடுநீரில் போட்டால் தூள் கட்டிபிடித்து, உட்புறம் நனையாமலே நின்றுவிடும். தூள் நன்கு பரவிய பிறகு, மூடியிட்டுக் கலக்கியபடியே 85 டிகிரிக்குச் சூடாக்கி, கரைசல் முற்றிலும் தெளியும்வரை வைத்திருங்கள். ஆறிய பின், பல்லுறுப்பியின் எடையில் 5 முதல் 10 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேருங்கள், அதன் பயன் பின்னால் தெரியும். குமிழ்கள் அடங்கும்வரை கரைசலை அசையாமல் வையுங்கள், ஏனெனில் ஊசிக்குள் போகும் ஒவ்வொரு குமிழும் இழையை ஒருமுறை அறுக்கும்.

<b>நூற்பு</b>

மின்நூற்புக் கருவியில் மூன்று உறுப்புகளே முக்கியம்: கரைசலை மெல்லத் தள்ளும் சிரிஞ்சு பம்பு, உயர் மின்னழுத்தம் தரும் மூலம், புவியிணைப்புள்ள சேகரிப்பான். அன்டன் ஃபோர்மால்ஸ் 1934இல் காப்புரிமை பெற்ற கருவியிலிருந்து அடிப்படை பெரிதும் மாறவில்லை. 21 அல்லது 22 கேஜ் மழுங்குமுனை ஊசி, மணிக்கு 0.5 மில்லிலிட்டர் ஓட்டம், ஊசிக்கும் அலுமினியத் தாள் சுற்றிய சேகரிப்பானுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் என வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தை 10 கிலோவோல்ட்டிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்துங்கள்.

இப்போது ஊசிமுனையைப் பக்கவாட்டு விளக்கொளியில் உற்றுப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்த துளி கீழ்நோக்கி இழுபட்டுக் கூம்பாகும். ஜெஃப்ரி டெய்லர் 1964இல் கணித்துக் காட்டிய கூம்பு அது. அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை ஒன்று நேராகச் சிறிது தூரம் சென்று, பின் சுழன்று விரிந்து கண்ணுக்கு மறையும். கூம்பு அசையாமல் நிற்கும் மின்னழுத்தமே உங்கள் கருவிக்குச் சரியான மின்னழுத்தம், புத்தகத்தில் உள்ள எண் அன்று. கூம்பு ஊசிக்குள் பின்வாங்கினால் மின்னழுத்தம் மிகுந்துவிட்டது. துளி பெருத்துக் கீழே விழுந்தால் ஓட்டம் மிகுதி, அல்லது மின்னழுத்தம் குறைவு.

மணிக்கு 0.5 மில்லிலிட்டர் என்றால் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பல்லுறுப்பிதான் வந்து சேரும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கனமுள்ள படலம் வேண்டுமானால், சிதறல் இல்லாத நிலையிலேயே நான்கு மணி நேரம் ஆகும். நூற்பு நடுவில் நின்றால் படலம் அடுக்குகளாகப் பிரிந்துவிடும். ஆகவே புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பை எட்டிவிட்டால் நீண்ட நூற்பு எதையும் தொடங்காதீர்கள், மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கருவியின் கதவைத் திறப்பதற்கு முன் மின்மூலத்தை அணைத்து, காப்பிட்ட கைப்பிடியுள்ள புவியிணைப்புக் கோலால் ஊசியைத் தொட்டு மின்னேற்றத்தை வடியுங்கள். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நம் ஊரில் நூற்பைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றின் ஈரமே. கூர்ப்பீப் மேட்டுநிலத்திலும் மோகா சரிவிலும் கோடை மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம், நீரில் கரைத்த பல்லுறுப்பிக்கோ 40 முதல் 50 சதவீதமே ஏற்றது. 60க்கு மேல் போனால் தாரையிலுள்ள நீர் வழியில் உலராமல், இழைகள் ஈரமாகவே வந்து விழுந்து ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துகொள்ளும். கருவியைப் பெட்டிக்குள் அமைத்து, ஈரம் நீக்கும் கருவியையோ உலர்காற்றையோ இணைத்து, ஈரமானியை ஊசிக்கு அருகில் வையுங்கள். ஒவ்வொரு நூற்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஈரப்பதத்தைக் குறித்துவைக்காத ஆய்வேடு பிறருக்குப் பயன்படாது.

படலத்தைத் தாளிலிருந்து ஓர் ஓரமாகப் பிடித்து மெல்ல உரிக்கும்போது, அவித்த முட்டையின் உள்தோலைப் போல அது முழுதாக வர வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குறைந்தது நூறு இழைகளின் பருமனை அளந்து சராசரியையும் விலகலையும் எழுதுங்கள். இழைகளில் மணிகள் கோத்ததுபோல் தெரிந்தால் கரைசல் நீர்த்துவிட்டது என்று பொருள். செறிவை ஒரு சதவீதம் உயர்த்திப் பாருங்கள்.

<b>நனைத்துப் பார்த்தல்</b>

மாணவர்கள் பலர் அழகான நுண்ணோக்கிப் படம் கிடைத்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அந்தப் படம் உலர்ந்த படலத்தின் படம். காயத்தின்மீது வைத்த கணமே அது நனைந்துவிடும். இப்போது கையிலிருக்கும் படலத்தில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தட்டில் வைத்து ஒரு துளி நீர் விடுங்கள். வெண்மை மறைந்து, கண்ணாடிபோலத் தெளிந்து, ஓரங்கள் சுருங்கி, சிறிது நேரத்தில் வழவழப்பான கூழாகும். இதற்காகத்தான் சிட்ரிக் அமிலம் சேர்த்தோம். படலத்தைச் சுமார் 140 டிகிரி அடுப்பில் வைத்தால், அந்த அமிலம் பல்லுறுப்பிச் சங்கிலிகளுக்கிடையே எஸ்ட்டர் பிணைப்புகளை உண்டாக்கி அவற்றைக் கட்டிவிடும். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி எனத் துண்டுகளைத் தனித்தனியே வைத்துச் சோதியுங்கள். மஞ்சள் படர்ந்தால் சூடு மிகுந்துவிட்டது. குளூட்டரால்டிகைடு ஆவியில் வைப்பது விரைவான வழி, பலரும் அதையே செய்கிறார்கள். செல்களைக் கொல்லும் அப்பொருளின் எச்சத்தைக் கழுவி நீக்குவதில் படும் பாட்டை எண்ணினால், காயத்துக்கென ஆக்கும் பொருளில் அதைத் தவிர்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

பிணைத்த படலத்தை எடைபோட்டு, 37 டிகிரி நீரில் ஒரு நாள் வைத்து, உலர்த்தி, மீண்டும் எடைபோடுங்கள். எவ்வளவு கரைந்துபோனது என்பது தெரியும். துண்டின் நீள அகலத்தையும் நனைக்கும் முன்னும் பின்னும் அளவுகோலால் அளவிடுங்கள், ஏனெனில் நனைந்ததும் வெகுவாகச் சுருங்கும் படலம் புண்ணின் ஓரத்தை இழுக்கும், அல்லது புண்ணை மூடாமல் விட்டுவிடும்.

உறிஞ்சும் திறனைச் சோதிக்க வெறும் நீர் போதாது. லிட்டருக்கு 8.298 கிராம் சோடியம் குளோரைடும் 0.368 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் கரைத்த திரவம் காயநீரின் உப்புச்செறிவை ஒத்தது. ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் துண்டை, அதன் எடையைப் போல் 40 மடங்கு திரவத்தில், 37 டிகிரியில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு முனையைப் பிடித்து 30 நொடி தொங்கவிட்டு எடைபோடுங்கள். தொங்கவிடும்போதே கிழிந்தால் அதையும் முடிவாக எழுதுங்கள். நனைந்த கட்டைத் துண்டு துண்டாகப் புண்ணிலிருந்து பொறுக்கியெடுக்க நேர்வது நோயாளிக்குப் பெரும் வேதனை.

நீராவிச் சோதனைக்கு, வாய்ப்பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் உள்ள கிண்ணத்தில் நீரூற்றி, படலத்தால் கசிவின்றி மூடி, 37 டிகிரி அடுப்பில் உலர்காற்றில் ஒரு நாள் வைத்து எடையிழப்பைப் பாருங்கள். 2.2 கிராம் இழந்தால் சதுர மீட்டருக்கு 2200 கிராம். தனி நானோ இழைப்படலம் பெரும்பாலும் இதைவிட அதிகமாக விடும். அப்போது படலத்தைக் கனமாக்கலாம், அல்லது மேலே வேறொரு அடுக்கைச் சேர்க்கலாம். கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, நீர் படலத்தைத் தொட்டபடி இருக்கும் நிலையிலும் ஒருமுறை செய்யுங்கள். நீர் மிகும் புண்ணின் உண்மை நிலைக்கு இதுவே நெருக்கம்.

<b>மருந்தும் செல்களும்</b>

வெள்ளி நானோத்துகளையோ நுண்ணுயிர்க்கொல்லியையோ சேர்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். மருந்தில்லாத படலம் மேற்சொன்ன சோதனைகளில் தேறும்வரை அதைத் தள்ளிவையுங்கள். புண்களில் தொற்றும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைக் கொல்லும் அளவுக்கு வெள்ளி இருக்கும் படலம், தோலைப் புதிதாக்கும் செல்களையும் தாக்கக்கூடும் என்பதால் இரண்டு சோதனைகளும் ஒரே படலத்தில் நடக்க வேண்டும். ஐஎஸ்ஓ 10993-5 நெறிமுறைப்படி, படலத்தின் சாற்றில் வளர்த்த செல்களின் உயிர்த்திறன் ஒப்பீட்டுத் தொகுதியில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அப்பொருள் செல்நச்சு உடையது. கைட்டோசான் சேர்த்திருந்தால், அதன் மூலத்தைக் குறிப்பேட்டில் தெளிவாக எழுதுங்கள், ஓட்டுமீன் ஒவ்வாமை உடையோர் உண்டு.

கிருமி நீக்கத்தை இறுதிக்கு ஒத்திப்போடாதீர்கள். 121 டிகிரி நீராவியில் பாலிகாப்ரோலாக்டோன் உருகியே போகும், அதன் உருகுநிலை 60 டிகிரிதான். பாலிவினைல் ஆல்கஹால் படலமும் அந்த நீராவியில் வடிவம் கெடக்கூடும். புறஊதா ஒளி மேற்பரப்பை மட்டுமே தூய்மையாக்கும். காமாக் கதிரை வழக்கமான 25 கிலோகிரே அளவில் பாய்ச்சினால் சங்கிலிகள் அறுபடலாம், அல்லது புதிதாகப் பிணையலாம். ஆகவே எந்த முறையைக் கையாண்டாலும், கிருமி நீக்கிய துண்டுகளில் சுருக்கம், உறிஞ்சல், நீராவி ஆகிய மூன்றையும் மறுபடி அளந்து, அந்த எண்களையே அறிக்கையில் தாருங்கள். மீதமுள்ள துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய உறையில் வைத்து, நூற்ற நாள், அன்றைய ஈரப்பதம், அடுப்பில் இருந்த நேரம் ஆகியவற்றை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.